சிறார் மது விருந்து (தமிழ்நாட்டுச் சட்டம்)

சிறார் மது விருந்து என்பது, மது வாங்குவதற்கான சட்டப்படியான வயதை எட்டாதோர் பிறந்தநாள், தேர்வு முடிவு, திருமணம், திருவிழா முதலிய கொண்டாட்டங்களில் கூடி மது அருந்துவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் எதுவும் இல்லை. மதுவிலக்கு, இளஞ்சிறார் நீதி, மோட்டார் வாகனம் ஆகியவை தொடர்பான சட்டங்களே இதனைக் கட்டுப்படுத்துகின்றன. இச்சட்டங்கள் மது அருந்திய சிறாரை விட, மது கொடுத்த பெரியவரையே கடுமையாகத் தண்டிக்கின்றன. பெற்றோருக்கும் இதில் விலக்கு இல்லை.

வயது வரம்புகள்

தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் 1937 ஆம் ஆண்டில் இராசாசி அமைச்சரவையால் கொண்டுவரப்பட்டு, முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கு தளர்த்தப்பட்ட பின்னரும், மது விற்பனை விதிகள் இச்சட்டத்தின் கீழேயே இயற்றப்பட்டு வருகின்றன. 2003 ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனை தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்திடம் (டாஸ்மாக்) உள்ளது. 21 வயது நிறைவடையாதவருக்கு மது விற்பது விதிகளின்படி தடை செய்யப்பட்டுள்ளது.

இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் 18 வயது நிறைவடையாதவரே குழந்தை எனப்படுகிறார். எனவே 18 முதல் 20 வயது வரை உள்ளோர் மதுக்கடையில் வாங்கும் தகுதி அற்றவர்கள். ஆயினும் குற்ற வழக்கில் அவர்கள் வயது வந்தோராகவே நடத்தப்படுவர். இளஞ்சிறாருக்கு உரிய பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காது.

பெற்றோர் மற்றும் விருந்தளிப்போரின் பொறுப்பு

2016 சனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்த இளஞ்சிறார் நீதி (பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 பின்வருமாறு கூறுகிறது:

* பிரிவு 77: தகுதி பெற்ற மருத்துவரின் ஆணையின்றிக் குழந்தைக்கு மது கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் 1 இலட்சம் உரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம்.
* பிரிவு 78: மதுவை விற்கவோ, எடுத்துச் செல்லவோ, வழங்கவோ குழந்தையைப் பயன்படுத்துவோருக்கும் இதே அளவு தண்டனை உண்டு. எனவே விருந்துக்கான புட்டிகளைச் சிறுவனிடம் கொடுத்தனுப்புவதும் குற்றமாகலாம்.
* பிரிவு 75: குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அதனைக் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளாக்கித் தேவையற்ற துன்பம் விளைவிப்பதைத் தண்டிக்கிறது.

இவற்றுள் பிரிவு 77 வீடு, பொது இடம் என வேறுபாடு காட்டவில்லை. இங்கிலாந்தில் 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தை வீட்டில் மது அருந்துவது சட்டத்திற்குப் புறம்பானதன்று. இந்தியச் சட்டத்தில் அத்தகைய விலக்கு இல்லை. 2021 ஆம் ஆண்டுத் திருத்தம் 3 முதல் 7 ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களைப் பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாதவை எனவும், பிணையில் விடத்தகாதவை எனவும் வகைப்படுத்தியது.

சிறார் மீதான நடவடிக்கை

குற்றம் செய்ததாகக் கருதப்படும் சிறாரைக் காவல் நிலையச் சிறையிலோ சிறைச்சாலையிலோ அடைக்கக்கூடாது. பிடிக்கப்பட்ட 24 மணி நேரத்திற்குள் அவரை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் அறிவுரை கூறி அனுப்பலாம். உளவியல் ஆலோசனை அல்லது சமூகப் பணிக்கு ஆணையிடலாம். பெற்றோரைத் தண்டம் செலுத்தச் செய்யலாம். சிறாரின் பெயர், பள்ளி முதலிய அடையாளங்களை வெளியிடுவது பிரிவு 74 இன்படி தடை செய்யப்பட்டுள்ளது.

வாகனம் ஓட்டுதல்

100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டினால், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 உரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2019 இல் சேர்க்கப்பட்ட பிரிவு 199அ இன்படி, சிறார் வாகனக் குற்றம் புரிந்தால் பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 உரூபாய் தண்டமும் உண்டு. வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். அச்சிறார் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. தமக்குத் தெரியாமல் குற்றம் நிகழ்ந்தது என்றோ, அதனைத் தடுக்க உரிய கவனம் எடுத்துக்கொண்டதாகவோ மெய்ப்பிக்கும் பொறுப்பு பாதுகாவலரையே சாரும்.

வட சென்னையில்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை துறைமுகங்களையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய பகுதிகளாகும். 2018 இல் திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டதால், எண்ணூரும் சென்னை மாவட்ட எல்லைக்குள் வந்தது. சென்னையில் அரசினர் கூர்நோக்கு இல்லம் கெல்லீசில் உள்ளது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறுவர்களுக்கான அரசு இல்லம் ஒன்று இராயபுரத்தில் இயங்குகிறது. சரக்குப் பெட்டக லாரிகள் மிகுதியாகச் செல்லும் எண்ணூர் விரைவுச் சாலை இப்பகுதிகளை இணைக்கிறது. விருந்து முடிந்து இரு சக்கர வாகனத்தில் திரும்பும் சிறாருக்கு இத்தகைய சாலைகள் பேரிடர் தருவன.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2015 சூலையில் திருவண்ணாமலை மாவட்டத்தில் 4 வயதுச் சிறுவனை மது அருந்தச் செய்யும் நிகழ்படம் பரவியதையடுத்து, உறவினர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். அப்போது நடைமுறையில் இருந்த 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இக்குற்றத்திற்கான உச்சத் தண்டனை 3 ஆண்டுகளே என்பது குறிப்பிடத்தக்கது.

2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய மகிழுந்து மோதி இருவர் இறந்தனர். மகாராட்டிரத்தில் மது வாங்கும் வயது 25 ஆகும். சிறுவனின் தந்தை மீதும், மது பரிமாறிய விடுதிகளைச் சேர்ந்தோர் மீதும் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 300 சொற்களில் கட்டுரை எழுதுமாறு குழுமம் விதித்த பிணை நிபந்தனை நாடெங்கும் கண்டனத்திற்கு உள்ளானது. சிறுவனை வயது வந்தவராகக் கருதி விசாரிக்கக் கோரிய காவல்துறையின் மனு 2025 சூலையில் தள்ளுபடி செய்யப்பட்டது.