போதிகை பார்த்து வயது சொன்ன வாத்தியார்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு ழுவோ துப்ரேய் என்ற பெயர் தெரிந்திருக்கும். எங்கள் பள்ளியில் மிசியே ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். தொல்லியலுக்கென்றே படித்து வந்தவர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் அவர் இங்கே காலேஜ் கொலோனியாலில் அறிவியல் வாத்தியார்.

கல்வெட்டு இல்லாத கோயிலுக்குக் காலம் சொல்வது எப்படி? தலபுராணத்தைக் கேட்டால் யுகக் கணக்கில் போகும். இவர் தூணை அண்ணாந்து பார்த்தார். தூணுக்கு மேலே உத்தரத்தைத் தாங்கி ஒரு கல் இருக்குமே, அதுதான் போதிகை. பல்லவர் போதிகை வளைந்து, அலை அலையாய் மடிப்பு வைத்திருக்கும். சோழர் காலத்தில் வளைவு போய்ச் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். விஜயநகரத்தார் காலத்தில் அந்த நீட்டல் மொட்டாகத் தொங்கும். நாயக்கர் காலத்தில் வாழைப்பூவே ஆகிவிடும். இலையைப் பார்த்துச் செடியை வகை பிரிக்கிற புத்தி அது. 1914-இல் பாரிசில் இரண்டு பாகமாகப் புத்தகம் வந்தது. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டுவதற்கு முன்பே, பிள்ளைகள் பொறுக்கிய மணிகளை வாங்கிவைத்து யோசித்தவரும் இவரே.

(1955-இல் இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிலியோசா கண் டாக்டர். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

துப்ரேய்க்கு இந்த உறுப்புகளின் பெயரெல்லாம் யார் சொன்னார்கள்? அப்போதும் கோயில் வேலை செய்துகொண்டிருந்த சிற்பிகள்தான். அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது, பழைய மண்டபம் ஒன்றைப் பழுது பார்க்கும் ஃபைல் என் மேசைக்கு வந்தது. ஆலோசனைக் குழுவில் சேர ஒரு ஸ்தபதி மனு போட்டிருந்தார். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'தகப்பனாரிடம்' என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. 'தகுதிச் சான்று இணைக்கப்படவில்லை' என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். ஒரு வார்த்தை மாறாமல் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. மண்டபத்தில் விழுந்த தூணுக்குப் பதில் சிமெண்டுத் தூண் வைத்தார்கள். அதற்குப் போதிகை கிடையாது.

துப்ரேய் புத்தகத்தைப் பிரெஞ்சிலேயே முழுதாகப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். போதிகைப் படங்கள் உள்ள பக்கத்தில் அந்த மனு ஞாபகத்துக்கு வந்தது. ஸ்தபதியின் பெயரை எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. ஃபைல் எண்ணில் பாதி நினைவிருக்கிறது.