உண்டதும் உழைத்ததும்: ஒரு கணக்கின் வரலாறு

உண்ணும் உணவை அளந்து குறித்துக்கொண்டு, உடற்பயிற்சியில் செலவாகும் ஆற்றலோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று பெரும்பாலும் எடை குறைக்க விரும்புவோரின் வழக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை முதலில் எழுதியவர்களின் கவலை இதற்கு நேர்மாறானது. கடும் உழைப்பில் இருக்கும் ஒருவருக்குக் குறைந்தது எவ்வளவு உணவு கொடுத்தால் அவர் உடல் கரையாமல் வேலை செய்வார் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேள்வி. அதைக் கேட்டவர்கள் சிறை அதிகாரிகளும், படைத்துறையினரும், பஞ்ச நிவாரணம் நடத்தியவர்களும், தொழிலாளர் குடும்பங்களின் உணவுச் செலவை ஆராய்ந்த வேதியியலாளர்களுமே.

தசை வேலை செய்யும்போது எது எரிகிறது என்பதே அக்காலத்தில் தெளிவாகவில்லை. தசையில் உள்ள புரதம் சிதைவதால்தான் ஆற்றல் பிறக்கிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கூறியிருந்தார். உழைப்பாளிக்கு இறைச்சி இன்றியமையாதது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. இதைச் சோதிக்க 1865 ஆகஸ்டில் ஃபிக், விஸ்லிசேனுஸ் என்ற இரு பேராசிரியர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் 1,956 மீட்டர் உயரம் ஏறினர். முந்தைய நாள் நண்பகலிலிருந்தே புரத உணவை விலக்கி, கொழுப்பில் பொரித்த மாவுச்சத்து அப்பங்களையும் சர்க்கரை சேர்த்த தேநீரையும் முக்கிய உணவாக உட்கொண்ட அவர்கள், ஏறும்போதும் ஏறிய பின்னரும் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தனர். புரதம் சிதைந்தால் அதன் நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறும் என்பதால், எவ்வளவு புரதம் செலவானது என்பதை இவ்வழியில் கணிக்க முடியும். 66 கிலோ எடையுள்ள ஃபிக் தம் உடலை அவ்வளவு உயரம் தூக்கிச் சென்ற வேலை மட்டுமே சுமார் 300 கலோரிக்குச் சமம். சிதைந்த புரதமோ ஏறத்தாழ 37 கிராம்தான், அது தரக்கூடியது அதில் பாதியளவே. மீதியை மாவும் கொழுப்பும் ஈடுசெய்திருக்க வேண்டும் என்பது இதனால் புலனாயிற்று. (கலோரி என்பது இங்கும் பின்னரும், ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றலைக் குறிக்கும்.)

ஆய்வுக்காக மலையேறியவர்கள் விரும்பி ஏறியவர்கள். அதே கணக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாணத்தில் விருப்பமில்லாதவர்கள்மீது சுமத்தப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், நிவாரணம் பெற வந்தவர்கள் சாலை போடவும் கால்வாய் வெட்டவும் அனுப்பப்பட்டனர். சென்னை நகருக்குள் அடையாறு வரையிலான பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். செலவைக் கட்டுப்படுத்துவதற்காக 1877 ஜனவரியில் வைஸ்ராயின் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். பல வாரப் பூசலுக்குப் பின் மாகாண அரசு இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவை, ஒன்றேகால் பவுண்டு தானியத்தோடு சிறிது பருப்பையும் சேர்த்து ஏற்றது. இரு தரப்பாரிடமும் அப்போது கலோரி அட்டவணை ஏதும் இல்லை. டெம்பிள் கருவூலக் கணக்கைப் பார்த்தார், கார்னிஷ் கூலியாட்களின் உடலைப் பார்த்தார்.

அட்டவணை அமெரிக்காவிலிருந்து வந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளரும் ரோசா என்ற இயற்பியலாளரும் 1890களில் ஒரு சிற்றறையை அமைத்தனர். சுமார் ஏழடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட அந்தச் செப்புப் பெட்டியில் மேசை, நாற்காலி, மடக்குக் கட்டில் ஆகியவற்றோடு ஓர் ஆள் பல நாள் தங்கினார். உணவு இருபுறமும் மூடிகொண்ட ஒரு சிறு திறப்பின் வழியே உள்ளே சென்றது. கழிவு அதே வழியில் வெளியே வந்து எடைபோடப்பட்டது. உடல் வெளிவிட்ட வெப்பத்தைக் குழாய்களில் ஓடிய குளிர்ந்த நீர் ஏற்றுக்கொள்ள, நீர் எத்தனை டிகிரி சூடேறியது என்பது இடைவிடாது குறிக்கப்பட்டது. சில சோதனைகளில் உள்ளிருந்தவர், மின்னாக்கியோடு இணைத்து நிலையாக நிறுத்திய மிதிவண்டியை மணிக்கணக்கில் மிதித்தார். உடற்பயிற்சிக் கூடங்களில் இன்று வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு இதை ஒரு மூதாதை எனலாம். உள்ளே சென்ற ஆற்றலும் வெளியே வந்த ஆற்றலும் ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தின. ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4, கொழுப்புக்கு 9 என்று உணவுப் பொட்டலங்களின் கணக்குக்கு அடிப்படையாக இன்றும் பயன்படும் எண்கள் அட்வாட்டர் குழுவின் பணியிலிருந்து வந்தவையே.

குறைந்த கூலியில் நிறைந்த ஆற்றலை வாங்கத் தொழிலாளருக்கு வழிகாட்டுவதே அட்வாட்டரின் நோக்கம். அதனாலேயே அவர் ஒரு பிழையும் செய்தார். கீரையும் பழமும் விலைக்கேற்ற கலோரி தராததால் அவற்றை வீண்செலவாகக் கருதினார். வைட்டமின் பற்றிய அறிவு அப்போது இல்லை. இந்த ஒரு செய்தியில், காய்கறியும் சேர வேண்டும் என்று 1877இலேயே வாதாடிய கார்னிஷைத் தெளிவுடையவர் என்றே சொல்ல வேண்டும்.

ஆய்வறைக்கு வெளியே, கடும் பயிற்சியில் இருப்பவர்களின் உணவை அட்வாட்டர் பதிவுசெய்த இடம் வியப்புக்குரியது. 1898 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. வீரர்கள் மிகக் குறைவாகவே உறங்கி, கூடியவரை ஓட்டிக்கொண்டே இருந்தனர். அவர்களுள் மூவர் உண்டது அனைத்தும் ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டது. வெளியேறிய நைட்ரஜன் அளக்கப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் ஒருவர் சக்கரத்தில் செலவான வேலையைக் கணக்கிட்டார். எவ்வளவோ உண்டும் மூவருமே உட்கொண்டதைவிட அதிக நைட்ரஜனை இழந்தனர்; உடல் தன்னையே எடுத்துச் செலவிட்டது என்பது இதன் பொருள். வென்றவரான சார்லஸ் மில்லர் 2,000 மைலுக்கு மேல் ஓட்டியிருந்தார். வீரர் ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் விரைவிலேயே சட்டமியற்ற, பந்தயம் இருவர் மாறிமாறி ஓட்டும் போட்டியாயிற்று. அந்த வகைக்கு மேடிசன் என்ற பெயரே நிலைத்தது.

கணக்கின் திசை மாறியது முதல் உலகப் போரையொட்டித்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் 1918இல் வெளியிட்ட நூல், நூறு கலோரிக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு வெண்ணெய் என்று பட்டியலிட்டு, அவற்றை எண்ணிக் குறைத்துண்ண வாசகர்களைப் பழக்கியது. கூலியாளுக்காகத் தயாரான அட்டவணை இவ்வாறு வசதியுள்ள வீடுகளின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டினால் உடலில் என்ன நேரும் என்பதை முறையாக அளந்தது, இரண்டாம் உலகப் போரின் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு. போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, 24 வாரம் நாளுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவில் உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் ரொட்டியும் உண்டு, வாரந்தோறும் 22 மைல் நடந்தனர். எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. அதைவிட முக்கியமானது, அசையாமல் கிடக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 விழுக்காடு குறைந்ததாகும். வரவு குறைந்ததும் உடல் செலவையும் சுருக்கிக்கொண்டது; ஆகவே அட்டவணையின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று சாராதவை என்ற எண்ணம் நிற்கவில்லை. அந்த இளைஞர்கள் பொழுதெல்லாம் உணவையே நினைத்தனர், சமையல் நூல்களைப் புரட்டினர், தட்டை நக்கினர். மீண்டும் தேற அவர்களுக்கு நாளொன்றுக்கு 4,000 கலோரி வரை தேவைப்பட்டது.

1877இல் டெம்பிள் வகுத்த கூலியின் ஒரு பவுண்டு அரிசி தரும் ஆற்றலும், மினசோட்டா உணவைப் போலவே, ஏறத்தாழ 1,600 கலோரியே. கூடுதலாகக் கிடைத்த ஓர் அணா பஞ்சகால விலையில் அதிகம் வாங்கியிராது. மினசோட்டா இளைஞர்கள் நல்ல உடல்நலத்தோடு தொடங்கி, மருத்துவர்களின் கண்காணிப்பில் வாரத்துக்கு 22 மைல் மட்டும் நடந்தவர்கள். தாது வருஷத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களோ ஏற்கெனவே பட்டினியில் மெலிந்தவர்கள், நாள் முழுதும் மண் சுமந்தவர்கள்.