கருச்சிசுச் சத்திரசிகிச்சையும் தாயின் உள்ளமும்

1578 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, 1753 இல் கண்டி மன்னன் கீர்த்திசிறீ இராசசிங்கனால் மீளக் கட்டுவிக்கப்பட்ட முன்னேஸ்வரத்தில், வடிவாம்பிகை சந்நிதியிற் கைகூப்பி நிற்போருள் கருவுற்ற மகளிரும் உளர். தமிழராயினும் சிங்களவராயினும் அவர் வேண்டுவது வயிற்றுப்பிள்ளையின் நலமேயாம்; தம் நலத்தை அவர் நினைப்பது அரிது. தாயரின் இத்தன்மறப்பை மருத்துவ உலகமும் நெடுங்காலம் எளிதாக ஏற்றுக்கொண்டது. கருச்சிசுச் சிகிச்சையின் வரலாற்றில் இது தெளிவாகப் புலப்படும்.

1963 ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் லைலி என்னும் மருத்துவர், தாயின் வயிற்றினூடாக ஊசி செலுத்திக் கருவிலிருந்த சிசுவுக்குக் குருதி ஏற்றினார். தாயின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருள் சிசுவின் குருதியணுக்களை அழிக்கும் நோய்க்கு அவர் கண்ட வழி அது. தன் குருதியே தன் பிள்ளைக்குப் பகையாயிற்று என்றறிந்த பெண்ணின் துயரை அளக்க அன்று அளவுகோல் இருந்ததில்லை.

1981 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹரிசன் என்பாரும் அவர்தம் குழுவினரும் கருப்பையையே திறந்து, சிறுநீர்த்தடையுற்ற சிசுவுக்குச் சத்திரசிகிச்சை செய்தனர். பிறந்த குழந்தை பிழைக்கவில்லை. நோயற்ற ஒருத்தியின் உடல் பிறிதோர் உயிரின் பொருட்டு அறுக்கப்படுவது அறமாகுமோ என்ற வினா அதன்பின் வலுத்தது.

முதுகெலும்பு மூடாத சிசுக்களைப் பற்றி அமெரிக்காவின் மூன்று நிலையங்களில் நடந்த ஆய்வு 2011 இல் வெளியாயிற்று. மூளையில் தேங்கும் நீரை வடிக்கக் குழாய் வேண்டிய குழந்தைகள், பிறந்தபின் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 82; கருவிலே பெற்றோரில் 40. இப்பயன் கண்டு, 200 பேரைச் சேர்க்கக் கருதிய ஆய்வு 183 பேருடன் நிறுத்தப்பட்டது. எண்களினும் கருதத்தக்கது அவ்வாய்வின் நிபந்தனையொன்று: உடனிருக்கத் துணையாள் இல்லாத பெண் அதிற் சேர்க்கப்படாள். கருவிலே சிகிச்சை பெற்றவள் வீடு திரும்பாது, மகப்பேறு வரை நிலையத்தின் அருகிலே தங்கவும் வேண்டும். தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்கும் நம்மவர்க்கு இது புதுமையன்று. ஆயினும் அங்கே தாய்வீடு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருத்தலும் கூடும்.

குழந்தை பிறந்ததோடு அவள் கவலை ஒழிவதுமில்லை. கருப்பையில் எஞ்சும் தழும்பு அடுத்த கருக்காலத்திற் பிளத்தல் கூடுமாதலால், அதன்பின் அவள் பெறும் பிள்ளைகள் யாவும், பேற்றுநோவு தொடங்குமுன், வயிறு கீறியே எடுக்கப்படல் வேண்டும்.