பாண்டிச்சேரியில் ஒரு கான்கிரீட் கட்டடமும் நம் மேற்குப் பக்கத்து வெயிலும்

"ஓட்டு வீட்டில் இருந்த குளிர்ச்சி கான்கிரீட்டில் ஏது?" என்று சித்திரை பிறந்தால் நம் குடியிருப்பில் பேச்சு எழும். குற்றவாளி கான்கிரீட்தான் என்று தீர்ப்பும் ஆகிவிடும். ஆனால் இதே கான்கிரீட்டில், வெயிலை வாசலிலேயே நிறுத்திவைக்கும் ஒரு கட்டடத்தை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்டியிருக்கிறார்கள். நம் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய்த் திண்டிவனத்தில் இடதுபக்கம் திரும்பினால் வரும் பாண்டிச்சேரியில்தான் அது இருக்கிறது.

அதன் பெயர் கோல்கோண்ட். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்தவர்கள் தங்கும் விடுதி. ஹைதராபாத் சமஸ்தானத்தில் உயர் பதவியில் இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. கோல்கொண்டா கோட்டையும் வைரமும் அந்தச் சீமையின் அடையாளம் என்பதால் கட்டடத்துக்கும் அந்தப் பெயரே அமைந்தது.

வரைபடம் போட்டவர் ஆன்டனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்தவர். டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட்டுடன் ஜப்பான் போய், அங்கேயே தொழில் நடத்தியவர். வேலையை இங்கே நின்று பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இன்னொருவர் பிரான்டிஷெக் சாமர், பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்தவர். நகஷிமா வந்த இடத்தில் ஆசிரமத்திலேயே சேர்ந்து, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சம்பளப் பட்டுவாடாவிலேயே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு இது வியப்பான செய்தி! 1937-ல் வேலை தொடங்கியது. நடுவே உலகப் போர் வந்தது. 1942-ல்தான் முடிந்தது. இந்தியாவில் நவீன பாணியில் எழுந்த முதல் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதை. நீளமான இரண்டு பக்கங்களும் வடக்கும் தெற்கும். கிழக்கு, மேற்கில் குறுகிய முனைகள் மட்டும். இதில் கணக்கு இருக்கிறது. நம் ஊர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. மார்கழி நடுப்பகலில்கூட சூரியன் தெற்கே 54 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிக்குச் சற்று வடக்கே போகும். அப்போதும் 79 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆகவே தெற்குச் சுவருக்கும் வடக்குச் சுவருக்கும் ஒரு சஜ்ஜா பெரும்பாலும் போதும். மாலை நான்கு மணிக்கு மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயிலுக்குச் சஜ்ஜா குறுக்கே நிற்காது. அதற்கு எதிரே ஒரு மறைப்பு இருந்தாக வேண்டும்.

கோல்கோண்டில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. நீளப் பக்கங்கள் முழுக்கக் கிடைமட்டப் பலகைகள். விரும்பியபடி சாய்க்கலாம், மூடலாம். நேர் வெயில் வெளியே நின்றுவிடும். தோட்டத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் காற்றும் மட்டும் உள்ளே வரும். (பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட். அந்தத் தூசியின் கெடுதல் தெரிந்த இன்று அதைக் காப்பியடிக்க வேண்டாம்.) அறைகள் தெற்கே, நடைபாதை வடக்கே. அறைக் கதவுகளும் காற்று புகும்படி இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்கள். ஆகவே கதவைச் சாத்தினாலும் காற்று நிற்பதில்லை, அந்தரங்கமும் கெடுவதில்லை. தரைக்குக் கருப்புக் கடப்பா கல். மேல்தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, நடுவே காற்றோட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நம் மொட்டை மாடியில் தளத்தோடு ஓட்டை ஒட்டி வைத்திருப்பதால் ஓட்டின் சூடு நேரே தளத்துக்கு இறங்குகிறது.

கட்டடத்தின் இருபுறமும் தோட்டம். அது அழகுக்கு மட்டுமல்ல. மரநிழலில் ஆறிய காற்றுதான் பலகை வழியே அறைக்கு வருகிறது. தோட்டத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டால், அதே பலகைகள் அனல் காற்றை உள்ளே அனுப்பும்.

ஆசிரம விடுதி என்பதால் முன்னனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. தெருவில் நின்று பார்த்தாலே பலகைகள் தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பி பிளாக்கின் மேற்கு மதிலோரம் நிற்கும் புங்க மரங்களை எடுத்துவிட்டு, பேவர் பிளாக் போட்டு ஆறு கார்களுக்கு இடம் செய்யலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. கார் நிறுத்த இடமில்லாதவர்கள் படும் சிரமம் உண்மை. இரவில் வெளியே விட்டுவிட்டு வந்தால் தூக்கம் வராது. ஆனால் அந்த மரங்கள் மறைப்பது மாலை வெயிலை. அவை இரண்டாம் மாடிவரை எட்டுகின்றன. மூன்றாம் மாடிக்கு எட்டவில்லை. ஆகவே பரிசோதனைக்குக் கட்டடம் தயாராகவே இருக்கிறது. மூன்றாம் மாடியில் மொட்டை மாடிச் சூடு கலக்காதபடி, நான்காம் மாடியும் மேலே இருக்கிறது. தீர்மானம் பொதுக்குழுவுக்கு வருமுன், ஒரு வாரம் மாலை நான்கு மணிக்கு இரண்டாம் மாடி மேற்கு அறையிலும் மூன்றாம் மாடி மேற்கு அறையிலும் வெப்பமானி வைத்துக் குறித்துப் பார்க்கக் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். வெப்பமானி என்னிடம் இரண்டு இருக்கிறது. பதிவேடு எழுதவும் நான் தயார்.