கட்டிலைச் சுற்றி வளர்ந்த காப்பீடு: புதுக்கோட்டைக்கு எடைக்குறைப்பு ஊசி எட்டும் வழி

2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனத்தின் மவுன்ஜாரோ ஊசி இந்தியச் சந்தைக்கு வந்தது. அப்போது 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய். வாரத்துக்கு ஒன்று போட வேண்டும். இந்தத் தொடக்க அளவின் விலையிலேயே, மாதத்துக்கு நான்கு எனக் கணக்கிட்டாலும் மாதம் 14,000, ஆண்டுக்கு 1,68,000 ரூபாய் ஆனது. அதே ஆண்டு ஜூனில் நோவோ நார்டிஸ்க் கொண்டுவந்த வெகோவி மாதம் 17,345 ரூபாயில் தொடங்கி, நவம்பரில் 10,850 ரூபாய்க்கு இறங்கியது. அதுவும் ஆண்டுக்கு 1,30,200 ரூபாய் ஆனது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஒரு குடும்பத்துக்கு விதிக்கப்பட்ட ஆண்டு வருமான வரம்பே 1,20,000 ரூபாய்தான். புதுக்கோட்டையின் மானாவாரி ஊர்களில் கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடியது. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 336 ரூபாய். மவுன்ஜாரோவுக்கு ஒரு மாதம் செலவிட 42 நாள் கூலி வேண்டும். இந்தப் பள்ளத்தைக் காப்பீடு நிரப்பட்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நம் மாநிலத்தில் காப்பீடு வளர்ந்த வரலாறு, அது இந்த வேலைக்காக உருவாகவில்லை என்றே காட்டுகிறது. இதற்கான வழி வேறொரு பொது அமைப்பில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடல் பருமன் வசதி படைத்தவர்களின் சிக்கல் என்ற எண்ணத்தை முதலில் விலக்க வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். 2019-21இல் அது 40.4 ஆனது. ஆண்களிடம் 28.2 விழுக்காடு 37.0 ஆக உயர்ந்தது. இந்தியச் சராசரி இருபாலரிலும் 24 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, 2011இல் தமிழ்நாட்டுக்குச் சொன்ன நீரிழிவு அளவு 10.4 விழுக்காடு, 2023இல் சொன்னது 14.4. பத்துப் பெண்களில் நான்கு பேருக்கு அதிக எடை என்றால், அது நகரத்து மேல்தட்டுக்குள் அடங்கும் எண்ணிக்கை அல்ல.

இனிக் காப்பீட்டின் கதை. 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், உயிர்காக்கும் சிகிச்சைகளுக்காக ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை தந்தது. 2012 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த முதலமைச்சரின் திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று வரம்பை விரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகளைப் பட்டியலிட்டது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின் வரம்பு ஐந்து லட்சமானது. தொகையும் பட்டியலும் வளர்ந்தன, அடிப்படை பெரும்பாலும் மாறவில்லை: நோயாளி மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வேண்டும், அவருக்கு ஓர் அறுவையோ செயல்முறையோ நடக்க வேண்டும். தனியார் காப்பீட்டிலும் இதே நிலைதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதி, உடல் நிறைக் குறியீட்டெண் 40ஐ எட்டியவர்களுக்கும், 35ஐ எட்டிக் கடும் இணைநோய் உடையவர்களுக்கும் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் கதவைத் திறந்தது. வீட்டிலிருந்தபடி வாரந்தோறும் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு அந்தச் சட்டகத்தில் இடமில்லை.

நாள்பட்ட நோய்க்கான மருந்துகளைத் தமிழ்நாடு வேறு வழியில் கொண்டுசேர்த்தது. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பி, நோயாளிகளுக்கு விலையின்றிக் கிடைக்க வழிசெய்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடியின் மீனவர் குடியிருப்புக்கும் பொன்னமராவதியின் உட்கிராமத்துக்கும் இந்த வழியில் மருந்து போய்ச் சேரக் காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை. 2017இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. இன்சுலினைப் போலவே இந்த ஊசிகளையும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். தடுப்பூசியையும் இன்சுலினையும் காத்துப் பழகிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது புது வேலை அன்று.

இந்த ஊசிகளையும் அதே வழியில் விலையின்றிக் கொடுப்பதற்கு எழும் மறுப்புகள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கையில் பருமனுக்குப் பொதுப்பணமா என்று கேட்கலாம். எல்லாருக்கும் ஊசி என்றால் அந்தக் கேள்வி நியாயமே. ஆனால் மாரடைப்புக்கு ஸ்டென்ட்டும் சிறுநீரகச் செயலிழப்புக்கு டயாலிசிஸும் இதே அரசின் காப்பீட்டில்தான் நடக்கின்றன. இதய நோயுள்ள 17,604 பேரிடம் நடந்து 2023இல் வெளியான செலக்ட் ஆய்வில், வெகோவியின் மருந்தான செமாகுளுடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றை 20 விழுக்காடு குறைத்தது. கடைசியில் கட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மருந்துக்குக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வு காட்டியது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதற்காக அதை வீண் மருந்து என்று நாம் சொல்வதில்லை. உணவும் உழைப்புமே தீர்வு என்பாரும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகிய மாவட்டம் இது. மக்கள் இயக்கத்தின் வலிமையை அறிந்த மண். தடுப்பு முயற்சி இன்னும் நோயில் விழாதவர்களைக் காக்கும். ஏற்கெனவே இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவருக்கு அது மட்டும் போதாது.

விலை பற்றிய மறுப்பே மிகக் கனமானது. காலம் அதைத்தான் கரைத்துவருகிறது. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். பல நிறுவனங்கள் போட்டியிடும் மருந்தை மொத்தமாக வாங்கி விலையை இறக்குவது மருத்துவப் பணிகள் கழகத்துக்குக் கைவந்த கலை. யாருக்குத் தருவது என்பதற்கும் அளவுகோல் உண்டு: உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் செமாகுளுடைட், மவுன்ஜாரோவின் மருந்தான டிர்செபடைட் உள்ளிட்ட மருந்துகளை, இரண்டாம் வகை நீரிழிவோடு இதய அல்லது சிறுநீரக நோயும் பருமனும் சேர்ந்தவர்களுக்காக இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குறுகிய வட்டத்தை மாநிலப் பட்டியலும் ஏற்று, சிறப்பு மருத்துவரின் பரிந்துரையைப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரியிலும், மாதாந்தர விநியோகத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைத்தால் போதும். காப்பீட்டு அட்டையின் வரம்பை இன்னொரு முறை உயர்த்துவதைவிட, இன்சுலின் வைத்திருக்கும் அதே குளிர்பெட்டியில் இந்த ஊசிக்கும் ஓர் இடம் ஒதுக்குவதே புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள வழி.