கவுந்தியடிகளின் துயரம்

கோவலன் கொலையுண்ட செய்தி ஒன்றே. அதனைக் கேட்டோர் நிலையை இளங்கோவடிகள் வேறுவேறாகக் காட்டுகிறார். கண்ணகியின் துயரம் சினமாகி மதுரையை எரித்தது. அடைக்கலம் தந்த மாதரி தீயில் வீழ்ந்தாள். கோவலன் தந்தை மாசாத்துவான் பொருளெல்லாம் தானம் செய்து பௌத்தத் துறவு பூண்டான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரைச் சார்ந்தான். இருவர் தாயரும் உயிர்நீத்தனர்.

இவர்களுள் நம் சிந்தனைக்குரியவர் கவுந்தியடிகள். புகாரை நீங்கிய இருவருக்கும் மதுரை வரை வழித்துணையாய் வந்த சமணத் துறவி அவர். கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்தவரும் அவரே. செய்தி கேட்டதும் முதலில் சீறினார்; பின்பு, இவர்கள் வினை தம்மோடு சேர்ந்து உருத்து வந்ததோ என வருந்தி, உண்ணாநோன்பால் உயிர்விட்டார்.

அம்பத்தூரில் நான் இப்பகுதியைக் கற்பித்த நாளில், “இது சல்லேகனைதானே, ஐயா?” என்று ஒரு மாணவி வினவினாள். ஆம் என்றேன். பிற்காலத்தில் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைப் பயின்றபோது என் விடை பிழையெனக் கண்டேன். நீக்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேர்ந்த காலத்திற்கே அந்நூல் சல்லேகனையை விதிக்கிறது. பற்றும் பகையும் துயரும் அகன்ற மனத்தையும் வேண்டுகிறது. கவுந்தியடிகளோ துயரம் மேலிட்டே நோன்பேற்றார்.

இளங்கோவடிகள் இதனை மறைக்கவில்லை, பழிக்கவுமில்லை. வினையின் இயல்பை நன்குணர்ந்த துறவியும் தம்மை நம்பி வந்தோர்க்காக நெஞ்சுடைவார் என்பதை உள்ளவாறே உரைத்தார். அம்மாணவி இம்மலரைக் காண நேரின், அன்று யான் கூறிய விடையைத் திருத்திக்கொள்வாளாக.