யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையும் போர் விளையாட்டும்

போரை ஆடுகளத்தில் நடத்திப் பார்க்கும் விருப்பம் மிகப் பழையது. நம் முன்னோர் ஆடிய சதுரங்கத்தில் யானை, தேர், குதிரை, காலாள் உண்டு, பீரங்கி இல்லை. பிற்காலத்தார் பீரங்கியையும் ஆட்டத்திற் சேர்க்க முயன்றனர். பிரசிய நாட்டுப் படையதிகாரியாகிய றைஸ்விற்ஸ் 1824இல் வெளியிட்ட விளையாட்டில், எத்துணைத் தூரத்திற் குண்டு எவ்வளவு சேதம் விளைக்கும் என்பதை அட்டவணையும் கவறும் தீர்மானித்தன. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வகுத்த விளையாட்டிலோ, பொம்மைப் பீரங்கியாற் சிறு மரத்துண்டுகளை எய்து பொம்மை வீரரை வீழ்த்துதல் வேண்டும். முன்னையது கணக்கை நம்பிற்று. பின்னையது ஆடுவோனின் கைத்திறனை நம்பிற்று. இரண்டும் வெளிக்களத்திற் பீரங்கி செய்யும் அழிவையே அளந்தன. கோட்டை முற்றுகைக்கும் இவ்வளவை ஏற்குமோ என்பதை நம் நாட்டு வரலாறு கொண்டு ஆராய்வாம்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் பின்னர் நாற்கோண வடிவிற் கோட்டை எழுப்பினர். 1658 மார்ச்சில் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டனர். அப்படையுடன் வந்த பல்தேயு பாதிரியார் முற்றுகையை நேரிற் கண்டவர். அவர்தம் நூல் 1672இல் வெளிவந்தது. ஒல்லாந்தர் கோட்டையைப் பீரங்கிகளாற் பலகாலும் தாக்கினர். ஆயினும், மதிலைப் பிளந்து உட்புகுந்து வென்றாரல்லர். நகரமாந்தர் பலர் கோட்டைக்குட் புகலடைந்தமையால் உணவு சுருங்கிற்று, நோய் பரந்தது, வெளியிலிருந்து துணையும் வந்திலது. ஏறத்தாழ மூன்றரை மாதத்தின் பின், யூனிற் போர்த்துக்கேயர் பணிந்தனர். அதற்கு முன்னரே ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையும் குடிநீர் அற்றமையாற் பணிந்திருந்தது.

ஆதலின், இம்முற்றுகையை ஆட்டமாக அமைப்போர் பீரங்கிக்குச் சேதக் கணக்கு ஒன்றை மட்டும் வகுத்தால் வரலாறு பிழைபடும். எறியுந்தோறும் வெடிமருந்து குறைதல் வேண்டும். மதிலுக்கு நேரும் சேதம் வேறு, மாந்தர்க்கு நேரும் சேதம் வேறு என எண்ணப்படல் வேண்டும். உள்ளிருப்போரின் தொகை, உணவு, நீர், நோய் ஆகியன நாடோறும் கணக்கிடப்படல் வேண்டும். கடல்வழி அடைபட்டதா, திறந்துளதா என்பதும் நோக்கத்தக்கது. அவ்வாறு அமைப்பின், பீரங்கியின் மெய்த்தொழில் புலனாகும்: அஃது உள்ளிருப்போரை வெளிவராது அடைத்து வைத்தது; வென்றது பசியே.

களத்தின் படம் வரைவோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. இன்று நாம் காணும் ஐங்கோணக் கோட்டை, ஒல்லாந்தர் தம் வெற்றிக்குப் பின் கட்டியது. 1658இற்குரிய படத்துக்கு அது பொருந்தாது. அத்துணை வலிமையுடன் புதுக்கிய அக்கோட்டையும் 1795இல் ஆங்கிலேயருக்குப் போரின்றியே கைமாறிற்று.

குண்டுகளை மட்டும் எண்ணிப் பழகும் மாணவன், கருவியே போரை வெல்லும் என்று கொள்வான். கோட்டைக்குள் அடைபட்ட முதியோரையும் மகளிரையும் குழந்தைகளையும் உணவுக் கணக்கில் எண்ண நேரும் மாணவனோ, முற்றுகை என்பது யாது என்பதை உணர்வான். இவ்வுணர்வைத் தரும் விளையாட்டே வரலாற்றுக் கல்விக்குத் துணையாவது.